கட்டிலுக்குக் கீழே தண்ணீர்

எழுபதுகளில் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்பேர்னில் வந்து இறங்கி, இப்போது முழங்கால் வலிக்கு மருந்து தேடும் என் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ட்ருகனினா என்றதும் உங்கள் கண்ணில் படும் பண்டகசாலைகளையும், ஒரே அச்சில் வார்த்தது போன்ற புது வீடுகளையும் சற்று நேரம் அகற்றி வையுங்கள். சுற்றுவட்ட வீதிகளையும் எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது கருங்கல், முட்செடி, காற்று. நடுவில் வெள்ளை உரிந்த ஒரு பலகை வீடு. அதில் நாங்கள் எட்டு மாதம் இருந்தோம். நான் எழுதப்போவது அங்கே கழிந்த ஒரு கோடையைப் பற்றி மட்டும்.

வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. கூரையில் விழும் மழை பீலி வழியாக ஓடிப் பின்சுவரோடு நின்ற நெளிதகரத் தொட்டியில் சேரும். குடிப்பது, சமைப்பது, குளிப்பது, உடுப்புத் தோய்ப்பது எல்லாம் அதில்தான். எனக்கு அப்போது பத்து வயது. காலையில் எழுந்ததும் ஓர் எவர்சில்வர் கரண்டியால் தொட்டியை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டு வருவது என் வேலை. வெறும் தகரம் அதிரும். தண்ணீர் நிற்கும் இடத்தில் சத்தம் அமுங்கும். அமுங்கும் நெளிவில் வெண்கட்டியால் ஒரு கோடு போட்டு, கீழேயிருந்து எண்ணிச் சொல்ல வேண்டும். தொட்டியில் மொத்தம் இருபத்தாறு நெளிவுகள் இருந்தன. வானொலியில் சொல்லும் செய்தியை விட என் செய்திக்குத்தான் வீட்டில் மதிப்பு.

"இண்டைக்கு எத்தினை, பிள்ளை?"

"இருபத்திரண்டு, அப்பா."

"காணும்" என்பார்; போதும் என்று அர்த்தம். அவர் வாயிலிருந்து வந்த மகிழ்ச்சியான சொற்களில் அது ஒன்று.

அப்பா தோட்டம் செய்த ஒரு கமக்காரரின் மகன். ஊரில் எழுதுவினைஞராக வேலை பார்த்தவர். இங்கே வந்ததும் அவருக்குக் கிடைத்தது ஒரு கம்பளத் தொழிற்சாலை. இரண்டு வருடங்கள் அங்கே நின்றார். கம்பளித் தூசு அவருடைய புருவத்திலும் மூக்கு மயிரிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். இருமத் தொடங்கினால் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு இருமுவார். மருத்துவர் தூசில்லாத வேலை தேடச் சொன்னார். தூசில்லாத வேலை என்று அப்பா தெரிவு செய்தது தோட்டம். ட்ருகனினா மண்ணை அவர் அதுவரை பார்த்திருக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

வீடும் அதை ஒட்டிய நாலு பரப்பும், அதாவது கால் ஏக்கர், ஒரு கிழவருடையவை. அவர் அடுத்த காணியில் செம்மறி வளர்த்தார். எங்கள் வீட்டில் அவருக்குச் செம்மறிக்காரர் என்று பெயர். அங்கேயே பிறந்தவர், ஒரு வசனம் பேசினால் அடுத்ததற்குக் கால் மணி நேரம் எடுப்பவர்.

குடிபெயர்வதற்கு முன் அம்மா ஒரு நிபந்தனை வைத்தார். "ஒரு போகம். சரிவந்தால் நான் கதைக்க மாட்டன். சரிவராட்டித் திரும்பத் தொழிற்சாலைதான். இடையில வேற கதை சொல்லக் கூடாது."

"நீர் பயப்பிடாதையும்" என்றார் அப்பா. "மெல்பேர்ன் முழுக்க எங்கட சனம் பச்சை மிளகாய்க்கு அலையுது."

அது உண்மை. அந்த வருடங்களில் எங்கள் ஆட்கள் மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒரு வீட்டில் கூடுவார்கள். கூடினால் பேச்சு சுற்றிச் சுற்றி மிளகாயில்தான் வந்து நிற்கும். கடையில் கிடைத்த பெரிய மிளகாய் உறைப்பே இல்லாமல் பூசணிக்காய் போல இருந்தது.

விதை எங்கள் குசினியிலிருந்தே வந்தது. ஊரில் காயவைத்துக் கொண்டுவந்த செத்தல் மிளகாயில் ஒரு பை மிச்சம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பத்திரிகையை விரித்து, ஒவ்வொரு செத்தலாகப் பிளந்து விதையைத் தட்டி எடுத்தார். நானும் உதவினேன். மாலையில் என் விரல்கள் எரிந்தன; கண்ணைக் கசக்கிவிட்டு அழுதேன். அம்மாவுக்கு மிஞ்சியது தோல். அந்த வருடம் முழுவதும் எங்கள் வீட்டுக் கறியில் நிறம் இருந்தது, உறைப்பு இல்லை. "மிளகாய் நட வெளிக்கிட்டு மிளகாய் இல்லாமல் சாப்பிடுறம்" என்று அம்மா சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஐப்பசி வரைக்கும்.

புரட்டாதியில் அப்பா விதைத்தார். அடுப்புச் சூடு படும் மூலையில், பழப்பெட்டிகளுக்குள் நாற்று வளர்ந்தது. ஐப்பசியில் பிடுங்கி நட்டார். ஊர்க் கணக்கில் அதுதான் மாதம். ஐப்பசியில் நட்டால் மாரி மழை கன்றைத் தூக்கிவிடும். நட்ட கிழமையே மழை பெய்தது. அடுத்த கிழமையும் பெய்தது. கறுத்த களிமண் சப்பாத்தில் ஒட்டிக்கொண்டு கழலவில்லை. அப்பா வாசலில் நின்று கூரையிலிருந்து விழும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தீரே? மாதம் பிசகேல்லை. எங்கை போனாலும் ஐப்பசி ஐப்பசிதான்."

மெல்பேர்னில் அந்த மாதங்களில் மழை பெய்வது இயல்பு. அதற்குப் பிறகு வானம் வறண்டுவிடுவதும் இயல்பு. முதல் பாதி பொருந்தியதால் மறு பாதியும் பொருந்தும் என்று அவர் நம்பினார். கார்த்திகையிலும் மார்கழியிலும் அடைமழை வரும், தோட்டம் வெள்ளத்தில் நிற்கும், கன்று அழுகும். அதைத் தடுக்க அவர் வாய்க்கால் வெட்டினார். ஒவ்வொரு பாத்தியையும் சுற்றி முழங்கால் ஆழத்தில் வாய்க்கால். எல்லாம் சேர்ந்து கிழக்குப் பக்கத்துச் சரிவில் இறங்கின. மண்வெட்டி இரண்டு அடிக்கு ஒருமுறை கருங்கல்லில் பட்டு நெருப்புப் பொறி பறக்கும். கல்லைக் கிண்டி எடுத்து ஓரத்தில் அடுக்குவார். பதினைந்து நாட்கள் இது நடந்தது. அந்தப் பதினைந்து நாட்களும் அவர் இருமவில்லை என்று அம்மா அப்போதே எல்லோருக்கும் சொன்னார்.

செம்மறிக்காரர் வேலியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"வாட்ஸ் தற் ஃபோர், மேட்?"

"ஃபிளட்" என்றார் அப்பா.

கிழவர் வானத்தைப் பார்த்தார். பிறகு வாய்க்காலைப் பார்த்தார். "நோ மோர் ரெயின் நவ். நொட் டில் ஈஸ்டர்."

அப்பா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "ஆட்டுக்குப் பின்னால திரியிற மனிசனுக்கு மழையைப் பற்றி என்ன தெரியும்?" கிழவர் அதையும் ஒரு மறுமொழியாக எடுத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போனார்.

கார்த்திகையின் ஒரு காலையில் வடக்கிலிருந்து காற்று எழும்பியது. யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே மாரியில் வடக்குப் பக்கமிருந்து வீசும் காற்று வாடை. குளிரும், கறுப்பு முகிலைக் கூட்டி வரும். தெற்கிலிருந்து வருவது சோளகம். வெக்கையும் புழுதியும் அதோடு வரும். இதைத் தெரிந்துகொள்ள யாரும் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. அப்பா இடுப்பில் கட்டிய சாரத்தோடு வெளியே ஓடிப்போய்க் கையை நீட்டிக் காற்றைப் பிடித்துப் பார்த்தார்.

"வாடை! வாடை துவங்கீட்டுது. இஞ்சாரும், உடுப்புகளை எடுத்து உள்ளுக்குப் போடும்."

"வெயில் எறிக்குது" என்றார் அம்மா.

"பின்னேரம் பாரும்."

அன்று தொட்டியில் இருபத்தொரு நெளிவு தண்ணீர் நின்றது. கன்றுகள் வேர் இறக்கும் பருவம். ஒரு முழு நனைவு கொடுத்தால் கிளை விடும். நாளைக்குத் தொட்டி நிரம்பி வழியப்போகிறது, பழைய தண்ணீரை வைத்திருந்து என்ன பயன்? அப்பா தொட்டிக் குழாயில் ரப்பர் பைப்பைப் பூட்டித் திறந்துவிட்டார். பாத்தி பாத்தியாக மாற்றிக்கொண்டு போனார். ஈரமண் வாசனை வீட்டுக்குள் வந்தது. தம்பிக்கு இரண்டு வயது. அவன் சேற்றில் குந்தியிருந்து கைதட்டினான். பதினொரு மணிக்கு நான் தட்டிப் பார்த்தபோது ஒன்பதாம் நெளிவில்தான் சத்தம் அமுங்கியது.

மத்தியானம் காற்று அடுப்பின் வாயைத் திறந்தது போல வந்தது. கொடியில் கிடந்த துவாய் பலகை மாதிரி விறைத்தது. கறுப்பு வெள்ளை மக்பை குருவிகள் அலகைத் திறந்தபடி வீட்டு நிழலில் நின்றன. மூன்று மணிக்குப் பாத்தியின் மேல்மண் வெளிறி வெடித்தது. பின்னேரம் காற்று சட்டென்று திரும்பித் தெற்கிலிருந்து குளிராக வீசியது. கடல் பக்கம் சாம்பல் நிற முகில் தெரிந்தது. பத்துத் துளி விழுந்தன. அப்பா தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"சோளகம். இதில மழை இல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவருக்குத் தெரிந்த காற்றுகள் இங்கே இடம் மாறி நின்றன. எரிக்கும் காற்றை அவர் வரவேற்றார். கொஞ்சமாவது மழை தரக்கூடிய காற்றுக்கு முதுகு காட்டினார். இந்தத் தவறைச் செய்ய ஒருவருக்குத் தோட்டம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றும் தெரியாதவர் தொட்டியைத் திறந்திருக்க மாட்டார்.

அடுத்த நாள் அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு செம்மறிக்காரரின் கொட்டகைக்குப் போனார். அங்கே வெறும் பியர்ப் போத்தல்கள் மலைபோலக் குவிந்திருந்தன; பெரிய, மண்ணிறப் போத்தல்கள். அம்மா விரலால் போத்தலையும் பிறகு தன்னையும் காட்டினார். கிழவர் ஒரு தள்ளுவண்டி நிறையப் போட்டுக் கொடுத்தார். என்ன நினைத்தாரோ தெரியாது. அம்மா சாம்பலும் மணலும் போட்டுக் குலுக்கிக் கழுவினார். அப்பா தோட்டத்தில் நிற்கும் நேரம் பார்த்து ஒரு நாளைக்கு நாலு ஐந்து போத்தல்களைத் தொட்டியில் நிரப்பி, வாயைத் துணியால் அடைத்து, மெழுகு உருக்கி ஊற்றினார். இரும்புக் கட்டிலின் கீழே சுவரோடு அடுக்கி, முன்னால் விமானத்தில் கொண்டுவந்த சூட்கேஸ்களை நிறுத்தி வைத்தார். நெற்றியில் திருநீறு பூசி வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கும் ஒரு மனுஷியின் கட்டிலுக்குக் கீழே நூற்றுக்கு மேற்பட்ட பியர்ப் போத்தல்கள்.

"ஏனம்மா இது?"

"தேவை வரேக்கை எடுப்பம்."

"அப்பாக்குச் சொல்லுறதோ?"

"சொல்லாதை. தேவை வந்தால் அவர் தானாக் கேப்பார்."

அதே கிழமை இன்னொரு இரகசியமும் எனக்குக் கிடைத்தது. தோட்டத்துக்கு நாளொன்றுக்கு நாலு வாளி என்று அப்பாவும் அம்மாவும் பேசி முடிவு செய்திருந்தார்கள். விடியற்காலையில் நான் கரண்டியோடு போனபோது அப்பா ஆறாவது வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"அம்மாட்டைச் சொல்லாதை, பிள்ளை. குழந்தையள் மாதிரி நிக்குதுகள், பார்."

நான் யாரிடமும் சொல்லவில்லை. கோடு வேகமாக இறங்கியது. ஏன் என்று இருவரும் தனித்தனியாகக் கேட்டார்கள். வெயிலில் காய்கிறது என்று இருவருக்கும் சொன்னேன். மூடியுள்ள தொட்டியில் தண்ணீர் அப்படிக் காயாது என்பது ஒரு கமக்காரரின் மகனுக்கும் அவர் மனைவிக்கும் தெரியாததல்ல. இருவரும் தலையாட்டினார்கள். தான் எடுத்ததை மறைக்க இருவருக்கும் என் பொய் தேவைப்பட்டது என்பதை நான் விளங்கிக்கொள்ள வெகுகாலம் எடுத்தது.

மார்கழி நடுவில் நகரத்திலிருந்து ஒரு அங்கிளும் அன்ரியும் மூன்று பிள்ளைகளோடு தோட்டம் பார்க்க வந்தார்கள். அங்கிள் காரிலிருந்து இறங்கும்போதே சத்தம் போட்டார்.

"எங்கை ஐசே உம்மட மிளகாய்? நாங்கள் பை கொண்டு வந்திருக்கிறம்."

"தையில வாரும். பை காணாது, சாக்குக் கொண்டு வாரும்" என்றார் அப்பா.

வந்தவர்களுக்குக் கால் முகம் கழுவத் தண்ணீர் காட்டுவது எங்கள் வழக்கம். அம்மா ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து வருவதற்குள் அப்பா தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்த் தட்டுப்பாடு என்று சொல்வது அவருக்கு அவமானம். அன்ரி முழங்கால் வரை கழுவினார்.

"என்ன குளிர்மையான தண்ணி! எங்கட பைப்பில வாறது இந்த நாளையில கொதிக்குது."

பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் அள்ளி எறிந்து விளையாடினார்கள். அம்மா வாசலில் செம்போடு நின்றார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. செம்பைப் பிடித்த விரல்களின் நுனி வெளுத்திருந்தது. அங்கிள் பாத்திகளைச் சுற்றி நடந்து வந்தார். "வாய்க்கால் நல்லா வெட்டியிருக்கிறீர். இவ்வளவு தண்ணி இஞ்சை வருமோ?" என்று கேட்டார். அவர் கேலி செய்தாரா, உண்மையாகவே கேட்டாரா என்று சொல்வது கடினம். அப்பா சோடா உடைத்துக் கொடுத்தார். கார் போன பிறகு அம்மா என்னைப் பார்த்தார். நான் கரண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அரை நெளிவு போயிருந்தது.

அந்தப் பருவத்தின் மிச்சம் எனக்கு நாட்களாக நினைவில் இல்லை. சுவையாகவும் மணமாகவும் இருக்கிறது. பல்லில் நெறுநெறுத்த புழுதி. காய்ந்த புல்லின் இனிப்பு மணம். கழுவாத தலையில் நல்லெண்ணெய் கெட்டுப்போன வாடை. குளிப்பது ஒரே பேசினில்: முதலில் தம்பி, பிறகு நான், பிறகு அம்மா. மிஞ்சிய சாம்பல் நிறச் சவர்க்காரத் தண்ணீரை அப்பா வாளியில் ஏந்திக்கொண்டு போய்க் கன்றுகளுக்கு அளந்து ஊற்றுவார். இலைகளில் வெள்ளைப் புள்ளி விழுந்தது. ஈக்கள் கண்ணின் ஈரத்தைத் தேடி வந்து உட்கார்ந்தன. தைப்பொங்கலன்று அம்மா பாலில் தண்ணீர் கலக்காமல் பொங்கினார். தண்ணீரை விடப் பால் எளிதாகக் கிடைத்தது. சூரியனுக்குப் படைக்கும்போது அப்பா சூரியனைப் பார்க்கவில்லை, குனிந்தபடி நின்றார்.

அவர் பாத்திகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டார். எதை விடுவது என்று மாலையில் நடந்து பார்த்து முடிவு செய்வார். கைவிட்ட பாத்திக்குள் பிறகு போகமாட்டார், சுற்றிக்கொண்டு போவார். தை நடுவில் வீட்டுச் சுவரின் நிழல் விழும் இடத்தில் நாற்பது கன்றுகள் மிஞ்சின. அவற்றில் பூ இருந்தது. சிலதில் விரல்நகம் அளவுக்குக் காய். அந்த நாற்பதும் காய்த்துப் பழுத்தால் விதை இருக்கும், விதை இருந்தால் அடுத்த வருடம் உண்டு. செத்தல் வேறு இல்லை. அந்த நாற்பதுக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில்தான் அப்பா நின்றார். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை குழாய் இருமியது. செம்மண் நிறத்தில் கொஞ்சம் தண்ணீரும் அழுகிய யூக்கலிப்டஸ் இலைகளும் வந்தன. பிறகு காற்று. நான் கரண்டியால் அடிவரை தட்டினேன். எல்லா இடமும் ஒரே சத்தம்.

நாங்கள் யாரும் போய்ச் சொல்லவில்லை. செம்மறிக்காரர் எப்படி அறிந்தாரோ, மறுநாள் தன் பிக்அப்பில் ஒரு பால் கான் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வாசல் படலையடியில் இறக்கினார். "ஃபோர் த கிட்ஸ்" என்றார். மூன்று நாளுக்கு ஒருமுறை கொண்டுவந்தார். குடிக்கவும் சமைக்கவும் அது போதும். அதிலிருந்து ஒரு குவளை கன்றுக்கு ஊற்றலாமா என்று நான் கேட்டேன்.

"பிள்ளையளுக்கெண்டு தந்தது" என்றார் அப்பா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

குளிப்பதை நிறுத்தினோம். அதனால் சவர்க்காரத் தண்ணீரும் இல்லை. வியாழனும் வெள்ளியும் கன்றுகள் மத்தியானத்தில் தலை தொங்கின, மாலையில் நிமிர்ந்தன. சனிக்கிழமை காலை அம்மா தம்பியோடு படலைக்குப் போய்க் கிழவருக்காகக் காத்துநின்றார். நான் அப்பாவிடம் போனேன்.

"அப்பா, ஒண்டு காட்டுறன். வாங்கோ."

அறைக்குள் கூட்டிப்போய் ஒரு சூட்கேஸை இழுத்தேன். அவர் முழங்காலை ஊன்றிக் குனிந்து பார்த்தார். ஒரு போத்தலை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மண்ணிறக் கண்ணாடிக்குள் தண்ணீர் தெளிவாக அசைந்தது.

"எப்ப துவங்கினவ?"

"கார்த்திகையில."

"தொட்டியைத் திறந்தனே, அதுக்கு முன்னமோ பிறகோ?"

"அடுத்த நாள்."

போத்தலை எடுத்த இடத்திலேயே, மெழுகு வாய் அதே பக்கம் பார்க்கும்படி வைத்தார். "பிள்ளையளுக்கெண்டு எடுத்து வைச்சிருக்கிறா" என்றார். எனக்குச் சொன்னது போல இல்லை.

"கன்றுக்கு ஊத்துவமே, அப்பா?"

"சீ." எழும்பி முழங்காலைத் தட்டினார். சூட்கேஸைத் தள்ளி முன்பு இருந்த கோட்டில் நிறுத்தினார். "நான் கண்டதெண்டு அம்மாட்டைச் சொல்லாதை."

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அம்மா கேட்டார்: "கன்றுக்கு என்ன செய்யப் போறியள்?"

"பார்ப்பம்."

திங்கட்கிழமை திரும்பக் கேட்டார். "தண்ணிக்கு வழி ஏதும் யோசிச்சனீங்களோ?"

"மழை வரும்" என்றார் அப்பா. தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போனார். இருவருக்கும் நடுவில் நான் இருந்தேன். என் வாயில் சோறு இருந்தது. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை உடைத்திருந்தேன்; அப்பாவுக்குக் கொடுத்தது மிஞ்சியிருந்தது. பத்து வயதில் வாக்கு என்பது மிகப் பெரிய விஷயமாகத் தெரிந்தது. கன்றை விடப் பெரிதாகத் தெரிந்தது.

செவ்வாய் மாலை கன்றுகள் நிமிரவில்லை. புதன்கிழமை வடக்குக் காற்று அடித்தது. மத்தியானம் இலையைத் தொட்டால் தூளாக உதிர்ந்தது. வெள்ளிக்கிழமை தெற்கிலிருந்து இருபது நிமிட மழை வந்தது. யாரும் வெளியே போகவில்லை.

அப்பா நாற்பதையும் கையால் பிடுங்கிக் கிழக்குச் சரிவில் போட்டு எரித்தார். வாடிய சிறு காய்கள் எரிந்த புகை வீட்டுக்குள் வந்தது. எல்லோரும் இருமினோம். அப்பா நிறுத்தாமல் இருமினார். அடுத்த திங்கட்கிழமை சாப்பாட்டுப் பெட்டியோடு அவர் தொழிற்சாலைக்குப் போனார். பத்தொன்பது வருடங்கள் போனார்.

மாசியில் நாங்கள் நகரத்தை ஒட்டிய ஒரு மாடிக் குடியிருப்புக்கு மாறினோம். புறப்படும் நாளில் அம்மா போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து, மெழுகைக் கத்தியால் சுரண்டி, குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினார். ஒரு பின்னேரம் முழுவதும் எடுத்தது. அப்பா வாகனத்தில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். குசினிப் பக்கம் வரவேயில்லை. வெறும் போத்தல்களைச் செம்மறிக்காரரிடம் திருப்பிக் கொடுத்தோம். அவர் அதே தள்ளுவண்டியில் கொண்டுபோய் அதே குவியலில் போட்டார். நான் கரண்டியைக் கொண்டுவந்தேனா, அங்கே விட்டேனா என்று நினைவில்லை.

அந்த அறையில் அப்பா முழங்காலில் இருந்ததை நான் வெகுகாலம் பலவீனம் என்று எடுத்துக்கொண்டேன். கண் முன்னால் தண்ணீர் இருந்தும் கேட்கத் துணிவில்லாத மனிதர். பிறகு என் பிள்ளைகள் பிறந்ததும் அதை வேறு மாதிரி வாசித்தேன்: பிள்ளைகளின் தண்ணீரைத் தொடாத தகப்பன். இரண்டாவது வாசிப்பு எனக்கு ஆறுதலாக இருந்தது. அப்பா இறந்த பிறகும் அதையே வைத்திருந்தேன்.

அம்மா கடைசிக் காலத்தில் என்னோடு இருந்தார். ஒரு காலை அவருடைய மாத்திரைகளைக் கிழமைப் பெட்டியில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கதிரையில் இருந்து வெளியே வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பின் தொடர்பில்லாமல் சொன்னார்:

"அந்தப் போத்தல் எல்லாம் கொப்பற்ர கன்றுக்கெண்டுதான் வைச்சனான். நாற்பதுக்கும் ஆறு நாளைக்குக் காணும்."

"அப்ப ஏனம்மா குடுக்கேல்லை?"

"கேக்கேல்லையே. மழை வரும், மழை வரும் எண்டு நிண்டார். தண்ணி இல்லை எண்டு ஒருக்கால் வாய் திறந்து சொல்லட்டும் எண்டு இருந்தனான். கேட்டிருந்தால் அந்த நிமிசமே எடுத்துக் குடுத்திருப்பன்." சேலைத் தலைப்பை நீவிக்கொண்டு சொன்னார்: "அவருக்குத் தெரியாது தானே. என்னிலதான் பிழை."

அந்தப் பிழையை அவர் மட்டும் சுமக்க வேண்டாம் என்று நினைத்தேன். ஆறுதலாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

"அப்பா கண்டவர், அம்மா. நான்தான் காட்டினனான். பிள்ளையளுக்கெண்டு நினைச்சுத் திரும்ப வைச்சிட்டார். உங்களிட்டைச் சொல்ல வேண்டாமெண்டார்."

அம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"எப்ப?"

"தொட்டி முடிஞ்ச கிழமை. சனிக்கிழமை."

அவர் திரும்ப யன்னலைப் பார்த்தார். விரல்கள் கதிரைக் கையில் ஒவ்வொன்றாக மடிந்தன. நாட்களை எண்ணுகிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"சனிக்கிழமை" என்றார். "சனிக்கிழமை கன்று உயிரோடதானே நிண்டது, பிள்ளை."